பன்னிரண்டு மணிக்கு முன் கெட்ட செய்தி கிடையாது

எனக்குப் பயம் தராத ஒன்று இந்த ஊரில் இருக்கிறதா என்று ஒருமுறை யோசித்துப் பார்த்தேன். புறாவைச் சொல்லலாம் என்று தோன்றியது. மறுவாரமே ஒரு புறா எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் என் தலையை உரசிக்கொண்டு பறந்தது. அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு செங்காங் எம்ஆர்டி ரயில் நிலையம் வரை நடந்து, இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் திரும்பி ஓடிவருவேன். வந்து பார்த்தால் அன்றைக்கு இஸ்திரியே போட்டிருக்க மாட்டேன். என் மனைவி சோபாவில் உட்கார்ந்தபடியே சொல்வாள்:

"என்னங்க, அடுத்த தடவை இஸ்திரிப் பெட்டியையும் பையில வச்சு எடுத்துட்டுப் போயிடுங்க. வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கலாம்."

இப்படிப்பட்ட ஒருவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு உத்தியோகம்தான் பொருந்தும். அது என்னைத் தேடி வந்தது.

நான் வேலை பார்ப்பது ஒரு சாப்பாட்டு நிறுவனத்தில். லிட்டில் இந்தியாவில் பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் எங்கள் உணவகம், மாடியில் அலுவலகம். ஆனால் பிழைப்பு நடப்பது அங்கே அல்ல. புக்கிட் பாத்தோக் பக்கம் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் எங்களுக்குப் பெரிய சமையற்கூடம் இருக்கிறது. கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் ஊழியர்களுக்கு மதியச் சாப்பாடு அங்கிருந்துதான் வேன்களில் போகும். சோறும் காய்கறியும் ஒரு பொட்டலம். கோழிக்குழம்பு தனிப் பையில், ரப்பர் பேண்டு போட்டு.

எங்கள் பாஸுக்கு அறுபது தாண்டிவிட்டது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஒரே ஒரு அடுப்பில் தொடங்கி இந்த அளவுக்குக் கொண்டுவந்தவர். அவரிடம் ஒரு நிர்வாக முறை இருந்தது. அது இந்தக் கதைக்கு முக்கியம்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு காலையில், அவர் கடையைத் திறந்து சாமி படத்துக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தபோது யாரோ மூச்சு வாங்க ஓடிவந்து, "பாஸ், வேனை இடிச்சுட்டாங்க" என்று கத்தியிருக்கிறார்கள். தட்டு கையிலிருந்து நழுவிச் சூடம் அணைந்துவிட்டது. அதே மாதத்தில் ஒரு பெரிய வாடிக்கையாளரும் கைவிட்டுப் போனார். பாஸ் இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டார். அன்று முதல் எங்கள் நிறுவனத்தில் ஒரு சட்டம் வந்தது: காலையில் அபசகுனமாக யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கெட்ட செய்தி எதுவாக இருந்தாலும் மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் சொல்ல வேண்டும்.

"இந்த ரூல் போட்டதுக்கு அப்புறம்தான்யா நான் ரெண்டாவது வேன் வாங்குனேன்" என்பார் வருகிறவர்களிடம் எல்லாம். "மேனேஜ்மெண்ட்னா இதுதான். காலேஜ்ல இதைச் சொல்லித் தர மாட்டான்."

பொய் சொல்லக் கூடாது, அந்தச் சட்டத்தால் நன்மையும் இருந்தது. எங்கள் காலைகள் கோயில் போல இருக்கும். யாரும் யாரிடமும் கத்த மாட்டார்கள். போனை எடுப்பவர்கள் சிரித்துக்கொண்டே பேசுவார்கள். வாடிக்கையாளர்கள் மயங்கிப்போவார்கள். வியாபாரமும் வளர்ந்தது. பிரச்சினை என்னவென்றால், எங்கள் சாப்பாட்டை ஊழியர்கள் சாப்பிடுவதும் அதே பன்னிரண்டு மணிக்குத்தான். அதாவது, சாப்பாட்டைப் பற்றிய கெட்ட செய்தி எங்கள் பாஸின் காதுக்குப் போகும்போது சாப்பாடு ஊழியர்களின் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இதை நான் கண்டுபிடித்தபோது எனக்கு வியர்த்தது. கண்டுபிடித்த நேரம் காலை. ஆகவே சொல்ல முடியவில்லை.

பன்னிரண்டு அடித்ததும் பாஸ் அறைக்கு வெளியே வரிசை நிற்கும். நாங்கள் அதற்குத் துக்க வரிசை என்று பெயர் வைத்திருந்தோம். கணக்குப் பிரிவுப் பெண், வேன் ஓட்டுநர்கள், கீழே உணவகத்தைப் பார்த்துக்கொள்பவர் எல்லாரும் காலையிலிருந்து அடக்கிவைத்த முகங்களோடு நிற்பார்கள். புக்கிட் பாத்தோக் சமையற்கூடத்திலிருந்து போனில் சொல்பவர்களும் உண்டு. பாஸோ அந்த நேரத்தில் பசியோடு இருப்பார். பசியோடு இருப்பவரிடம் வரிசையாகத் துக்கம் சொன்னால் என்ன பதில் வரும்? முதல் இரண்டு பேருக்குத் தீர்வு கிடைக்கும். மூன்றாவது ஆளிலிருந்து எல்லாருக்கும் ஒரே பதில்: "பாக்கலாம்."

சமையற்கூடத்தின் குளிர் அறைக் கதவில் ஓரமாக ஓடும் ரப்பர் தேய்ந்துபோயிருந்தது. கதவை ஓங்கிச் சாத்தினால்தான் மூடும். அந்த ரப்பர் பலமுறை துக்க வரிசைக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் அதற்கு மூன்றாவது இடத்துக்குப் பிறகுதான் இடம் கிடைத்தது. பாக்கலாம்.

அந்த நேரத்தில்தான் எங்கள் பெரிய வாடிக்கையாளரான கட்டுமான நிறுவனத்திலிருந்து ஒரு சீனப் பெண்மணி வந்தார். பாதுகாப்பு அதிகாரி. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கு முன்னால் எங்கள் நிர்வாகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். மின்சாரம் எவ்வளவு வீணாகிறது, மிச்சச் சாப்பாடு எங்கே போகிறது, ஆபத்து வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடைசிக் கேள்விக்குப் பாஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கண் என்மேல் வந்து நின்றது.

"இவர்தான் எங்க ரிஸ்க் மேனேஜர்" என்றார்.

எனக்கே அது அப்போதுதான் தெரியும்.

அந்த அம்மா போன பிறகு கேட்டேன். "ஏன் பாஸ் என்னைச் சொன்னீங்க?"

"யோவ், உன்னைவிடப் பயந்தவன் இந்தக் கம்பெனியில யாரு இருக்கா? லிஃப்ட் குலுங்குனா சாமி கும்பிடுறே. சும்மா பயப்படாம, இனிமே சம்பளத்துக்குப் பயப்படு."

அந்தப் பெண்மணி போவதற்கு முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். கடந்த ஒரு வருடத்தில் விபத்து நடக்க இருந்து மயிரிழையில் தப்பித்த சம்பவங்கள் எத்தனை? நான் நெஞ்சை நிமிர்த்தி, ஒன்றுகூட இல்லை என்றேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒன்னுகூட இல்லையா? ஐயோ. தட் ஒன் ஐ ஸ்கேர்ட் லா" என்றார். ஒன்றுமே இல்லை என்று சொல்கிற இடம்தான் அவருக்குப் பயமாம்.

என்னைப் பயமுறுத்துவதற்கு ஆள் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு வாக்கியம் என் தூக்கத்தைக் கெடுத்தது. அதற்குப் பிறகு நான் ஒரு பாதுகாப்பு முறையை ஏற்படுத்தினேன். தினமும் மதியம் ஊழியர்களுக்குப் போகும் சாப்பாட்டில் ஒரு பொட்டலத்தை நானே சாப்பிடுவேன். என் வயிறுதான் கம்பெனியின் எச்சரிக்கை மணி. விஞ்ஞானப்படி இது எதற்கும் பிரயோசனம் இல்லை. நான் சாப்பிடும்போதுதானே எல்லாரும் சாப்பிடுவார்கள். ஆனால் மாட்டிக்கொண்டால் சேர்ந்து மாட்டிக்கொள்வோம் என்ற ஓர் ஆறுதல். அதன் விலை என்னவென்றால், பிற்பகல் முழுவதும் வயிற்றில் ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. வாயுவா, வழக்கா? கணக்குப் பிரிவுப் பெண் என் முகத்தைப் பார்த்தே நேரம் சொல்வாள். "அண்ணே, மூணு மணி ஆச்சா? பருப்பு வேலை செய்யுது போல."

இனி, அந்தச் சம்பவம் நடந்த காலைக்கு வருகிறேன்.

பத்து மணி இருக்கும். நான் மாடிப்படி ஏறி வந்தபோது பாஸ் அறைக்கு வெளியே ஒருவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். புக்கிட் பாத்தோக் சமையற்கூடத்தின் தலைமைச் சமையல்காரர். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், இங்கே வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. பெரிய சத்தக்காரர். கரண்டியைப் பிடித்தால் பாட்டு, கரண்டியை வைத்தால் சண்டை. அவர் இந்த அலுவலகத்துக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. வேன்கள் கிளம்பியதும் எம்ஆர்டி பிடித்து வந்திருக்கிறார். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.

"என்னப்பா, இங்க?"

"சும்மாதாண்ணே. வரிசையில நிக்கலாம்னு."

"வரிசை பன்னெண்டு மணிக்குத்தானே."

"தெரியும்ணே. முதல் ஆளா நிக்கணும். மூணாவது ஆளாப் போனா பாக்கலாம்னுருவாரு."

இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து இடம் பிடிக்கிற அளவுக்குக் கெட்ட செய்தி!

"என்ன விஷயம்? என்கிட்ட சொல்லு."

அவர் பாஸின் அறைக்கதவைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தைப் பார்த்தார். "காலையில எப்படிண்ணே சொல்றது? பன்னெண்டு ஆகட்டும்."

"யோவ், நான்தான் ரிஸ்க் மேனேஜர்."

"அது எனக்குத் தெரியாதுண்ணே. ரூல் தெரியும்."

நான் கெஞ்சினேன், மிரட்டினேன். என் மிரட்டலுக்கு அவர் டீ வாங்கித் தருவதாகச் சொன்னார். கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. "சரி, இந்தக் கட்டடத்துக்குள்ளதானே சொல்லக் கூடாது? கீழ வா. ரோட்டுல நின்னு சொல்லு. ரோடு கவர்மெண்டுது."

அவர் கொஞ்சம் யோசித்தார். சட்டத்தில் அந்த ஓட்டை இருப்பது அவருக்கும் தெரிந்தது. இருவரும் இறங்கி, கடைக்கு முன்னால் இருக்கும் நடைபாதையையும் தாண்டி, சாலை ஓரத்தில் போய் நின்றோம். பூ கட்டுகிற கடையும் காய்கறிக் கூடைகளும் சுற்றுலாப் பயணிகளும் சூழ, அவர் என் காதில் சொன்னார்.

நேற்றுப் பிற்பகல் வேகவைத்த கோழி, குளிர் அறையில் இரவு முழுக்க இருந்தது. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் கதவு சாத்தவே இல்லை. ஒரு தட்டின் விளிம்பு இடித்துக்கொண்டு, ரப்பரும் பிடிக்காமல், ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தே இருந்திருக்கிறது.

"கோழி எப்படி இருந்துச்சு?"

"சில்லுனு இல்லைண்ணே."

"அப்ப?"

"வெதுவெதுப்புனும் சொல்ல முடியாது. நடுவுல."

"அதை என்னப்பா பண்ணினே?"

"நல்லா கொதிக்க விட்டுட்டேன். மணமா இருந்துச்சு. வேற கோழி ஏது அந்த நேரத்துல? அனுப்பிட்டேன்." அவர் ஏப்ரனில் கையைத் துடைத்தார். ஏற்கனவே பலமுறை துடைத்த கை. "மனசு கேக்கல. அதான் வந்துட்டேன்."

உணவுப் பாதுகாப்பு வகுப்பில் நான் தூங்காமல் கேட்ட ஒரே பாடம் இது. சில கிருமிகள் செத்தாலும் அவை விட்டுப்போன நஞ்சு கொதித்தாலும் போகாது. வகுப்பில் மற்றவர்கள் குறிப்பு எடுத்தார்கள். நான் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் பழைய குழம்பைத் தொடவில்லை. அந்த வகுப்பு இப்போது சாலை ஓரத்தில் என் முழங்கால்களுக்குள் நடந்துகொண்டிருந்தது.

மூன்று வேன்கள். ஒன்று புக்கிட் பாத்தோக்கிலேயே ஒரு தளத்துக்கு, ஒன்று செங்காங்குக்கு, ஒன்று தோ பாயோவுக்கு. எத்தனை வயிறுகள் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். எண்ணினால் உட்கார்ந்துவிடுவேன்.

மாடிக்கு ஓடினேன். பாஸ் அறைக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தேன். ஆரஞ்சுப் பழத்தை உரித்து, நூல் நூலாக வெள்ளையை எடுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஓர் அமைதி. நான் கையைத் தூக்கினேன், கதவைத் தட்ட. கை காற்றில் நின்றது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து காலையில் அந்தக் கதவை யாரும் தட்டிப் பார்த்ததில்லை. என் கை இறங்கி வந்து சட்டைப் பைக்குள் போய்விட்டது.

பிற்பாடு பலர் என் துணிச்சலைப் பற்றிப் பேசினார்கள். முதலாளியைக் கேட்காமலேயே முடிவெடுத்தாராம். உண்மையைச் சொல்கிறேன். கேட்கப் பயமாக இருந்ததால்தான் கேட்கவில்லை. கதவைத் தட்டுவதைவிட வேன்களை நிறுத்துவது சுலபமாக இருந்தது.

மீண்டும் சாலை ஓரத்துக்கு வந்து போனை எடுத்தேன். புக்கிட் பாத்தோக் ஓட்டுநர் எடுத்தார். கோழிப் பைகளை மட்டும் இறக்காதே என்றேன். "சோறு மட்டும் குடுத்தா என்னையும் குழம்பு வைச்சுருவாங்க சார்" என்றார். சமையல்காரர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "சமையற்கூடத்துக்குப் போ, முட்டை அவிக்கச் சொல்றேன்" என்று கத்தினார். செங்காங் ஓட்டுநர் நெடுஞ்சாலையில் இருந்தார். வண்டியைத் திருப்பி லிட்டில் இந்தியாவுக்கு வா என்றேன்.

தோ பாயோ ஓட்டுநர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

அடுத்த அழைப்பு அந்தச் சீனப் பெண்மணிக்கு. அவர் எண்ணை அழுத்தப் போய், பதற்றத்தில் இரண்டு முறை என் மனைவிக்குப் போய்விட்டது. மூன்றாவது முறை சரியாகப் போனது. நடந்ததைச் சொன்னேன். என் ஆங்கிலம் பயத்தில் நல்ல இலக்கணத்தோடு வந்தது. மறுமுனையில் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒப்பந்தம் போய்விட்டது, என் வேலை போய்விட்டது, வீட்டுக் கடன் என்ன ஆவது என்று, அவர் வாய் திறப்பதற்குள் நான் ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்து முடித்தேன்.

"எல்லாத் தளத்துக்கும் நான் சொல்கிறேன். யாரும் கோழியைத் தொடக் கூடாது" என்றார். பிறகு, "யூ கால் பிஃபோர் லஞ்ச். குட்" என்று வைத்துவிட்டார்.

பக்கத்துக் கடைக்காரர் எங்களுக்குப் பரம்பரைப் போட்டியாளர். எங்கள் பாஸும் அவரும் ஒருவர் கடைத் தண்ணீரை ஒருவர் குடித்ததில்லை. அவரிடம் போய் நின்று, மதியத்துக்குச் செய்த முட்டைக்குழம்பு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க பாஸுக்கா? என் குழம்பா? இன்னிக்கு மழை கொட்டணுமே, வெயில் அடிக்குதே எப்படி?"

"அண்ணே, கிண்டலை அப்புறம் வச்சுக்கலாம். பசங்க சாப்பிடணும்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சிரிப்பை நிறுத்தினார். திரும்பி வந்த செங்காங் வேனில் அண்டாவை அவரே ஏற்றிவிட்டார். எங்கள் உணவகத்திலிருந்து புதிதாக வைத்த குழம்பும் சேர்ந்தது. ஒரு பங்கோடு நானும் சமையல்காரரும் தோ பாயோவுக்கு டாக்சியில் பாய்ந்தோம். அந்தப் பங்கு இருந்த பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் என் கால்சட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பானது.

தளத்தின் வாசலில் எங்கள் வேன் நின்றது. ஓட்டுநர் நிழலில் படுத்திருந்தார். பாதுகாப்பு அதிகாரியின் ஆள் பைகளைத் தனியாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் வந்தது. அதே மூச்சில் போய்விட்டது. காங்கிரீட் கொட்டுகிற குழுவினர் லாரி வருவதற்கு முன்னால் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டார்களாம். ஒரு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்கள். காலி குழம்புப் பைகள் குப்பைத்தொட்டியில் கிடந்தன. நன்றாக வழித்துச் சாப்பிட்டிருந்தார்கள்.

அவர்கள் முன்னால் போய் நின்றேன். சமையல்காரர் என் பின்னால் ஒளிந்துகொண்டார். நானோ அவர் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றோம்.

"தம்பி, கோழி எப்படி இருந்துச்சு?"

"சூப்பர் சார்" என்றார் ஒருவர். "ஏன், காசு கூடக் கேப்பீங்களா?"

நான் உள்ளதைச் சொன்னேன். கதவு திறந்திருந்தது, கோழி கெட்டிருக்கலாம், கெடாமலும் இருந்திருக்கலாம், வயிறு வலித்தால் உடனே சொல்ல வேண்டும், யாரும் உயரத்தில் ஏறக் கூடாது. பல் குத்துவது நின்றது. பிறகு அவர்களில் மூத்தவர் கேட்டார்:

"இதைச் சாப்பிடறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே சார்?"

நிதானமாகத்தான் கேட்டார். அந்த நிதானம்தான் இன்றைக்கும் எனக்கு அப்போதைக்கப்போது கேட்கிறது. எங்கள் நிறுவனத்தில் காலையில் சாமிக்குச் சூடம் காட்டுவோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

பன்னிரண்டு அடித்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, போன் அடித்தது. பாஸ். "எங்கய்யா இருக்கே? பக்கத்துக் கடைக்காரன் என்னைப் பாத்துச் சிரிக்கிறான். மேல வா."

சமையல்காரரை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு கோழிப் பையை எடுத்துக்கொண்டு போனேன். பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று எடுத்தேன். பாஸ் மேசைக்குமேல் அதை வைத்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

"யாரைக் கேட்டு நிறுத்தினே?"

"பன்னெண்டு ஆகலை பாஸ்."

"எதிரிக் கடைக் குழம்பு! கஸ்டமருக்கு வேற போன் போட்டிருக்கே! கோழிக்கு என்னாச்சு? மணக்குதே! கொதிச்ச கோழிய்யா இது." பையைப் பிரித்து, தன் மதியச் சோற்றின்மேல் ஊற்றினார். "உன்னை மாதிரிப் பயந்து பயந்தா கம்பெனி நடத்த முடியும்? நானே சாப்பிட்டுக் காட்டறேன். பாரு."

பிசைந்தார். நன்றாகப் பிசைந்தார். உருண்டை பிடித்தார். குழம்பு உண்மையிலேயே நன்றாக மணந்தது. வரிசையில் நின்றவர்கள் கதவின் சின்னக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

கை தட்டிலிருந்து எழவில்லை.

உருண்டையை மறுபடி உதிர்த்துப் பிசைந்தார். மறுபடி பிடித்தார். வேண்டாம் பாஸ் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நின்றேன். அந்த அறையில் என்னைவிடப் பயந்த ஒருவரை நான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

"யாராச்சும் சாப்பிட்டாங்களா?" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தோ பாயோவில காங்கிரீட் குழு. சாப்பிட்டாங்க."

எழுந்து கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். "வண்டியை எடு" என்றார்.

பிற்பகல் முழுக்க நாங்கள் அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். நான் அவ்வப்போது போய், "வயிறு எப்படி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. நான் வரும்போதெல்லாம் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் உயிர் போய் வந்தது. சமையல்காரர் ஒரு மூலையில் உட்கார்ந்து, முதன்முறையாகப் பாட்டும் சண்டையும் இல்லாமல் இருந்தார்.

வெயில் இறங்கும் நேரத்தில் ஒருவர் சுருண்டார். நாங்கள் யாரும் நகரவில்லை, விளையாட்டு என்று நினைத்தோம். அவர் நண்பர்தான் சிரிக்காமல் கத்தினார்: "சார், இது நெசம்!"

கிளினிக்குக்குக் கொண்டு போனோம். வாந்தி, வயிற்று வலி, வியர்வை. பாஸ் அவருடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாந்திப் பையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களில் அடுத்தது யார் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடிக்கவில்லை. டாக்டர் மருந்து கொடுத்தார், ஊசி போட்டார். சாப்பாடாக இருக்கலாம், வெயிலாகவும் இருக்கலாம், ஒருவருக்கு மட்டும்தான் என்பதால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தம்பி கண்ணைத் திறந்து பாஸைப் பார்த்து, "நீங்க யாரு சார்?" என்றார்.

பாஸ் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டார். என்னைப் பார்த்துக் கேட்டார். "அவனுக்கு இது எப்பத் தெரியும்? சமையல்காரனுக்கு."

"விடியற்காலையிலேயே, பாஸ்."

"எனக்கு?"

நான் வாந்திப் பையை மடித்தேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை.

மறுநாள் காலை வழக்கம்போலச் சூடம் காட்டினார். புக்கிட் பாத்தோக் ஆட்களும் போனில் இருந்தார்கள். சூடம் அணையும்வரை காத்திருந்துவிட்டு எங்களைப் பார்த்தார். "சரி. கெட்டது என்ன? சொல்லுங்க."

எல்லாரும் சாமி படத்தைப் பார்த்தோம். அத்தனை வருடப் பழக்கம் ஒரு சூடத்தில் கரைந்துவிடுமா? பாஸ் காத்திருந்தார். அணைந்த சூடத் தட்டை இன்னும் கீழே வைக்கவில்லை. அவருக்கும் கேட்கப் பயம்தான் என்று எனக்குத் தெரிந்தது. கடைசியில் போனிலிருந்து சமையல்காரரின் குரல் வந்தது.

"முதலாளி... கருவேப்பிலை வாடியிருக்கு."

கணக்குப் பிரிவுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாஸ் சிரிக்கவில்லை. "வாடியிருக்கு. சரி. வேற?" என்றார். பிறகு கீழே உணவகத்தில் ஒரு அடுப்பு சரியாக எரியவில்லை என்பது வந்தது. ஒரு வேனின் பிரேக் சத்தம் போடுகிறது என்று வந்தது. அந்த வேனில்தான் நான் நேற்று வந்தேன். கதவு ரப்பர் அன்று மாலைக்குள் மாறியது. கதவு திறந்திருந்தால் கத்துகிற ஒரு அலாரமும் வைத்தோம். அது முதல் வாரத்தில் காரணமே இல்லாமல் கத்தியது. "உன் சுபாவம்தான்யா அதுக்கும்" என்றார் பாஸ்.

ஒப்பந்தத்தை அந்தப் பெண்மணி முழுதாகப் புதுப்பிக்கவில்லை. தோ பாயோவை எடுத்துக்கொண்டு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். மற்ற இரண்டும் எங்களுக்கு மிஞ்சின. மறுமுறை வந்தபோது, மயிரிழையில் தப்பித்த சம்பவங்கள் எத்தனை என்று அதே கேள்வியைக் கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்லப் பட்டியல் முடியவே இல்லை. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, காப்பி கேட்டார்.

கோழி கெட்டிருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பரிசோதனைக்கு எடுத்து வந்த பையைத்தான் பாஸ் சோற்றில் பிசைந்துவிட்டாரே. மற்ற பைகளைப் பயத்தில் நானே கொட்டச் சொல்லிவிட்டேன்.

இப்போது விடிவதற்கு முன்பே என் போன் அடிக்கத் தொடங்கிவிடுகிறது. இன்று காலையும் அடித்தது. கால்சட்டையில் ஒரு காலை நுழைத்துவிட்டு மற்றதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே!" சமையல்காரர் குரல், பாட்டுப் பாடுகிற உற்சாகத்தில். "ஒரு கெட்ட சேதி!"

ஒற்றைக்காலில் நின்றபடி சுவரைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி போர்வைக்குள்ளிருந்து, "ரிஸ்க் மேனேஜர், பாத்து. கால்சட்டை தடுக்கி விழுந்துறப் போறீங்க" என்றாள்.

"சொல்லு" என்றேன்.